வீட்டுக் கொல்லையில் தோட்டம்

ஆலங்குடி வட்டாரத்தைப் பயிர்த்தொழில் அறியாத வட்டாரம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் முதலிய ஊர்களின் பலாவும் தேங்காயும் வாழையும், மல்லிகை, முல்லை, கனகாம்பரம் ஆகிய மலர்களும் நெடுந்தூரம் சென்று விற்பனையாகின்றன. இத்தகைய ஊர்களில் வாழும் அங்கத்தினர்களுக்குச் செடி வளர்க்கும் முறையைக் கற்பிக்க முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், தணிக்கையின் பொருட்டு ஊர்தோறும் சென்று வருபவனுக்குக் கண்ணில் படும் நிலைமை ஒன்று உண்டு. இரண்டு ஏக்கரில் பூ பயிரிட்டு நாள்தோறும் சந்தைக்கு அனுப்பும் வீட்டார், கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் கடையை எதிர்பார்த்திருக்கின்றனர். வயல் செம்மையாக விளங்க, வீட்டின் பின்புறத்திலோ துவைகல்லிலிருந்து வழியும் நீர் தேங்கிக் கொசுவை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்குச் சோம்பல் காரணமன்று. கொல்லையில் தோட்டம் போட முயன்று கைவிட்டவர்களே அநேகர். அவர்களிடம் விசாரித்தால் ஏறக்குறைய ஒரே வரலாறுதான் கிடைக்கிறது. ஆடி மாதத்தில் உற்சாகமாக விதை வாங்கினார்கள். கார்த்திகையில் காய் பறித்தார்கள். பங்குனியில் எல்லாம் காய்ந்துபோயின. காரணம், அவர்கள் செடியிலிருந்து திட்டத்தைத் தொடங்கியதே. நம் ஊரில் வீட்டுத் தோட்டத்தின் திட்டம் நீரிலிருந்து தொடங்கவேண்டும். அடுத்தபடியாக வெயிலையும் காற்றையும் கவனிக்கவேண்டும். என்ன செடி என்பது அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்வி.

எத்தகைய தோட்டத்தைக் கருதி இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புல்தரை வெட்டி, வரிசையாகத் தொட்டிகளை அடுக்கி, வருவோர் போவோர் பார்த்து மகிழ அமைக்கும் பூங்காவனம் அன்று. காயும் கீரையும் மருந்துச் செடியும் மலரும் ஓரிரு பழமரங்களும் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்து நிற்கும் கொல்லையே நமக்கு வேண்டியது. இங்கிலாந்தில் குடிசைத் தோட்டம் என்று பெயர்பெற்ற முறையும் ஆதியில் இதுவேதான். அங்குள்ள கூலி உழவர்கள் தம் குடிசையைச் சுற்றியிருந்த சிறு நிலத்தில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பச்சிலைகளும் இட்டு, இடைவெளிகளில் பூச்செடிகளை வைத்தார்கள். பிற்காலத்தில் செல்வர்கள் அதன் அழகைக் கண்டு, காய்கறியை விலக்கிப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இலங்கையின் கண்டிப் பகுதியிலும், ஜாவாத் தீவிலும், நம் அண்டையிலுள்ள கேரளத்திலும் வீட்டைச் சுற்றிப் பல அடுக்காக மரமும் கொடியும் கிழங்கும் வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அவை மழை மிகுந்த தேசங்கள். அங்குள்ள அடர்த்தியை அப்படியே இங்கே கொண்டுவர இயலாது.

நம்முடையது செம்மண்ணும் சரளையும் கலந்த வானம் பார்த்த சீமை. ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. குரு ஸ்தலம் என்று பலர் தேடிச் செல்லும் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அது காவிரிப் பாசனச் சீமை. அவ்வூருக்குப் பொருந்தும் தோட்டக் குறிப்பு, பெயர் ஒன்றாயினும், நம் ஆலங்குடிக்குப் பொருந்தாது. இங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கிவிட்டன. அவ்வளவு ஆழத்திலிருந்து மின்சாரத்தால் இறைத்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவதில் கணக்கும் இல்லை, நியாயமும் இல்லை. ஆகவே வீட்டில் ஏற்கெனவே செலவாகும் நீரையும், கூரைமீது விழும் மழையையும் கொண்டே தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

கணக்கு மிக எளியது. வெயில் காலத்தில் காய்கறிப் பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 100 சதுர அடிப் பாத்தி என்பது 9 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு நாள்தோறும் 45 முதல் 50 லிட்டர் வரை, அதாவது 15 லிட்டர் குடத்தால் மூன்று குடத்துக்குச் சற்று அதிகமான நீர் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குளியல், பாத்திரம், துணி, அரிசி களைதல் எல்லாம் சேர்த்து 150 லிட்டர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பும் சலவைத்தூளும் கலந்த பகுதியைக் கீரைக்கு விடக்கூடாது. அதில் உள்ள உப்பு நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். பச்சையாக உண்ணும் இலைகளின்மீது அந்நீர் படுவது சுகாதாரத்துக்கும் ஏற்றதன்று. அரிசி, காய்கறி கழுவிய நீரும், சோப்புக் கலவாத பிற நீரும் 50 லிட்டர் தேறுமாயின், சித்திரையில் உங்கள் காய்கறிப் பாத்தி 100 சதுர அடி. மழைக்காலத்தில் அதையே 400 சதுர அடியாக விரிக்கலாம். தோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று எண்ணுவதே பங்குனியில் மனம் தளர்வதற்குக் காரணம். குளத்து நீர் ஏறி இறங்குவதுபோல் கொல்லையும் விரிந்து சுருங்கட்டும்.

குளியல் நீருக்கு வாழையே தக்க இடம். நீர் வெளியேறும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் எடுத்து, மூன்றடிச் சதுரமும் மூன்றடி ஆழமும் உள்ள குழி வெட்டி, அதில் செங்கல் துண்டும் கூழாங்கல்லும் நிரப்பி, வாயில் தேங்காய் மட்டையைப் பரப்பிவிட்டால் அழுக்கு அதில் தங்கும். நீர் மண்ணுக்குள் இறங்கும். மட்டையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குழியைச் சுற்றி மூன்று வாழைக்கன்றும், ஈரமான ஓரத்தில் சேம்பும் வைக்கலாம். நீர் மேலே தேங்கக்கூடாது. தேங்கினால் குழி போதவில்லை என்று பொருள். குடிநீர்க் கிணற்றுக்கு 30 அடிக்குள் இக்குழி வேண்டாம். கழிப்பறைத் தொட்டியின் நீரை எக்காரணம் கொண்டும் இதில் சேர்க்கலாகாது.

கூரை நீரையும் மறந்துவிட வேண்டாம். 400 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 1,850 லிட்டர். சிந்திச் சிதறியது போக 1,500 லிட்டர் கைக்கு வரும். அத்தனையையும் சேமிக்கத் தொட்டி கட்டுவது எல்லோருக்கும் ஆகக்கூடிய காரியமன்று. ஆனால் அந்நீரை வீதிக்கு விடாமல், மரங்கள் நிற்கும் பக்கம் திருப்பி, குறுக்கே சிறு வரப்பிட்டு நிறுத்த ஒரு மண்வெட்டி போதும்.

அடுத்தது வெயில். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்று அதிகமான இடத்தில் உள்ளது. ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்டு இறுதியிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்தும், ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்லும். மார்கழியில் பத்தடி உயரச் சுவரின் நடுப்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ ஆறே முக்கால் அடி விழுகிறது. ஆனியில் அதே சுவரின் நிழல் தெற்கே இரண்டேகால் அடிதான். ஆகையால் வீட்டுக்கு வடபுறம் கொல்லை உள்ளவர்கள் சுவரை ஒட்டிய ஏழடியைக் கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஒதுக்கினால் தைப் பட்டத்தில் ஏமாற்றம் அடைவார்கள். அவ்விடம் மஞ்சளுக்கும் சேம்புக்கும் வெற்றிலைக் கொடிக்கும் உரியது. பந்தல் போடுவதாயின் மேற்கில் போடுங்கள். பாகலும் புடலையும் பீர்க்கும் அதில் ஏறி, பிற்பகல் வெயிலிலிருந்து கீழுள்ள கீரையையும் வீட்டுச் சுவரையும் காக்கும்.

இனி, காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தின் வழியாகச் சென்றதை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பாட்டன் காலத்துப் பலாவும் காய்த்துக்கொண்டிருந்த தென்னையும் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. தோப்பில் விழுந்த மரம் வருமானத்தைக் கொண்டுபோயிற்று. வீட்டை ஒட்டி நின்ற மரம் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு வெற்றிடம் கண்ணை உறுத்துவதால், விழுந்த மரத்தின் குழியிலேயே மறுபடியும் பலாக் கன்றை வைத்தவர்கள் பலர். மனத்துக்கு அது ஆறுதல்தான். ஆனால் அதே தூரத்தில் அதே மரம் வளர்ந்தால், அடுத்த புயலில் அதே கூரைதான் உடையும்.

கடலிருக்கும் கிழக்குப் பக்கம் மட்டும் அபாயம் என்று நினைப்பது சரியன்று. புயல் என்பது சுழலும் காற்று. அதன் மையம் கடந்து செல்லும்போது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசும். ஒருபுறம் தாங்கி நின்ற மரம் மறுபுறம் வீசுகையில் விழும். ஆகவே எத்திசையாயினும், மரம் முழு வளர்ச்சி பெறும்போது எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு தூரத்துக்கு அப்பால் அதை வைப்பதே பாதுகாப்பு. பலா 30 அடிக்கும் மேல் வளர்வது. 5 சென்ட் மனை என்பது 2,180 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. நடுவே வீடும் இருக்கும். அத்தகைய மனையில் பலாவுக்கு இடமில்லை. பலாச் சீமையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கும் வருத்தமே. பலாவைத் தோட்டத்தில் வையுங்கள். அங்கும் கூடுமானவரை கொட்டையை உரிய குழியிலேயே ஊன்றி முளைக்க விடுங்கள். பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் ஆணிவேர் பைக்குள் சுருண்டு போய்விடும். அது பின்னர் நேராக இறங்குவது அரிது. கன்றுதான் வாங்கவேண்டும் என்றால், இளங்கன்றாகப் பார்த்து வாங்கி, பையை முழுவதும் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நடவேண்டும்.

வீட்டருகில் வைக்கத்தக்கவை உயரம் குறைந்தவை. எலுமிச்சை, மாதுளை, கொய்யா, சீத்தா, கறிவேப்பிலை இவை ஐந்தில் இடத்துக்குத் தக்கபடி இரண்டோ மூன்றோ போதும். முருங்கையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வாசலில் முருங்கை ஆகாது என்ற பழைய பேச்சைச் சிலர் மூடநம்பிக்கை என்று தள்ளுகின்றனர். அதில் காரியம் இருக்கிறது. முருங்கைக் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் கூட்டமாக அடையும். நடைபாதைக்கு எட்ட, கொல்லையின் கோடியில் வைத்தால் அதைப்போல் உதவும் மரம் வேறில்லை. புயலில் முறிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து மீண்டும் காய்க்கும். ஏற்கெனவே வீட்டருகில் தென்னை உள்ளவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கிவிட்டால் மரத்தின் பாரம் குறையும். பனையோ அப்புயலிலும் பெரும்பாலும் நின்றது. எல்லையில் பனை இருந்தால் அதை வெட்டும் எண்ணத்தைக் கைவிடுக.

இவற்றையெல்லாம் தீர்மானித்த பிறகே காகிதத்தில் பாத்தி வரையவேண்டும். பாத்தியின் அகலம் நான்கடிக்கு மேற்படலாகாது. இரு புறத்திலிருந்தும் கை எட்டினால்தான் உள்ளே மிதிக்காமல் களையெடுக்க முடியும். மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி, கோடையில் பள்ளப்பாத்தி. நம் செம்மண் மழை பெய்து காய்ந்ததும் மேலே ஓடு கட்டும். அடியில் ஈரம் நில்லாது. மட்கிய எருவே இரண்டுக்கும் பரிகாரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்றுக் குளத்து வண்டல் எடுக்கும் வாய்ப்பு வரும்போது, வயலுக்குப் போகும் வண்டியில் ஒரு நடையைக் கொல்லைக்கும் திருப்பலாம். பலாச் சருகு, வாழைச் சருகு, வைக்கோல் எதையும் எரிக்காமல் செடியடியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் கோடையில் ஊற்றும் நீர் அதிக நேரம் நிற்கும்.

ஆடியில் அவரை, புடலை, பீர்க்கு, பாகல் முதலிய கொடிகளும், கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரையும் போடலாம். பந்தல் அவரை பகல் நேரம் குறையும் காலத்தில்தான் பூக்கும். புரட்டாசியில் பூக்கவில்லையே என்று அதைப் பிடுங்கிவிட வேண்டாம். மார்கழியில் அது வட்டி சேர்த்துக் கொடுக்கும். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைக்கும். ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு சாணாகத் தூவி வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றை எடுத்த பாத்தியில் மற்றொன்றை உடனே வைத்தால் நோய் தொடரும். இடையே ஓர் உளுந்தோ தட்டைப்பயறோ போடுக. உளுந்து 70 நாளில் முடியும். அதன் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். நம் வட்டத்திலுள்ள வம்பனில்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே வயலுக்கு விதை விசாரிக்கப் போகும்போது கொல்லைக்கும் ஒரு பிடி வாங்கி வருவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பூச்செடிகளைத் தனிப் பாத்தியில் ஒதுக்காமல் காய்கறியோடு கலந்து வைப்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. துலுக்கச் சாமந்தியின் வேர், கத்தரி, தக்காளியின் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவைக் குறைக்கிறது. தும்பை, துளசி போன்றவற்றின் பூக்கள் தேனீயை அழைக்கின்றன. தேனீ வராத பந்தலில் பூசணியும் பீர்க்கும் பிஞ்சிலேயே உதிரும். செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு மல்லிகைக் கொடி இவை வேலியோரத்தில் நிற்கட்டும். விலைக்கு அல்ல, வீட்டுப் பெண்டிரின் கூந்தலுக்கும் சுவாமி படத்துக்கும்.

இவ்விடத்தில் மலர் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு அழுத்தமாகச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. முல்லை, மல்லிகைத் தோட்டங்களில் மொட்டுப் புழுவுக்கு அடிக்கடி மருந்து தெளிக்கிறோம். மாலையில் தெளிப்பானை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லைக் குழாயடியில் கழுவி, அந்நீரை வாழைக்கும் கீரைக்கும் போகவிடும் பழக்கம் பல வீடுகளில் காணப்படுகிறது. மருந்து மிச்சமிருந்தால் வீணாக்குவானேன் என்று கத்தரிச் செடிக்கும் அடித்துவிடுகிறார்கள். இது பூவில் அடிப்பதற்கு ஒப்பாகாது. மறுநாள் காலையில் அக்கத்தரி குழம்பில் இருக்கும். தெளிப்பானை வயலிலேயே கழுவுங்கள். கொல்லைப் பயிருக்கு வேப்பங்கொட்டைச் சாறும், காலையில் கையால் புழு பொறுக்குதலும் போதும். நூறு சதுர அடிக்கு அதற்கு மேல் தேவையில்லை. கொஞ்சம் புழு தின்றால் தின்னட்டும்.

நெசவாள அங்கத்தினர்களின் வீட்டமைப்பு வேறு. தறிக்குழி உள்ள கூடத்தை ஒட்டி நீர் தேங்கும்படி எதையும் நடலாகாது. ஈரம் கசிந்து குழிக்குள் வரும். வாழையையும் நீர்க்குழியையும் கூடத்துக்கு எதிர்ப்புறம் அமைப்பதே முறை. ஆயினும் வறண்ட காற்றில் பருத்தி இழை அடிக்கடி அறும் என்பதை நெய்பவர்கள் அறிவார்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நாலடி விட்டு ஓர் அவரைப் பந்தல் போட்டால், பிற்பகலில் கூடம் குளிர்ந்து இழையும் இணங்கும். பாவு தோய்த்தபின் மிஞ்சும் அரிசிக் கஞ்சியை எருக்குழியில் ஊற்றலாம். சாயத் தொட்டி நீரை மட்டும், எவ்வளவு நீர்ப் பஞ்சமாயினும், செடிக்கு விட வேண்டாம். அதில் காரமும் உப்பும் இரசாயனமும் உள்ளன. ஒரு கோடையில் பாத்தி பாழாகிவிடும்.

இதனால் மாதம் இத்தனை ரூபாய் மிச்சமாகும் என்று பட்டியல் போட்டுக் காட்டுவோர் உண்டு. கணக்குப் பார்ப்பதே தொழிலாக உள்ள எனக்கு அத்தகைய பட்டியல்களில் நம்பிக்கை குறைவு. விலை ஏறும்போது மிச்சம் தெரியும், இறங்கும்போது தெரியாது. ஆனால் தக்காளி விலை ஏறும் வாரத்தில் கடைக்குப் போகாமல் இருக்க முடிகிறதா, குழந்தைகளின் தட்டில் வாரம் நான்கு நாள் கீரை விழுகிறதா என்று பார்த்தால் பயன் விளங்கும். சங்கத்துக்கும் இதில் வேலை உண்டு. ஒரு வீட்டுக்கு வேண்டிய கத்தரி விதை ஒரு சிட்டிகை. கடையில் கிடைப்பதோ பொட்டலம். பத்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரு பொட்டலத்தை வாங்கி, ஒரு வீட்டில் நாற்று விட்டுப் பகிர்ந்தால் விதையும் வீணாகாது, நாற்றும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கும். அவரை, கொத்தவரை, தண்டுக்கீரை இவற்றின் விதையை நல்ல செடியில் முற்றவிட்டு எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து விளைந்ததை மட்டும் விதைக்கு எடுக்க வேண்டாம். அது தாயைப்போல் வராது.

கடைசியாக வேலி. ஆடும் மயிலும் வராத கொல்லை நம் மாவட்டத்தில் இல்லை. முள்கம்பிக்குச் செலவிடுவதைவிடக் கிளுவைப் போத்துகளை அடிக்கு ஒன்றாக ஊன்றிவிட்டால், ஓரிரு மழைக்காலத்தில் அது உயிர்வேலியாக நெருங்கி ஆட்டைத் தடுக்கும். ஊன்றும்போது எல்லைக் கல்லுக்கு உட்புறம் ஓரடி விட்டு ஊன்றுங்கள். பங்காளி வழக்கு வேலியில்தான் பிறக்கிறது. மயிலை வேலி தடுக்காது. அதைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும். விதைத்த பாத்தியின்மீது பழைய வலையை விரித்து, நாற்று ஒரு சாண் உயரும் வரையில் அப்படியே வைத்திருந்தால் போதுமானது.